கைக்குழந்தையோடு முதல் விமானப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளை முதன்முதலாக விமானத்தில் கூட்டிப்போனபோது அவளுக்கு ஐந்து மாதம். அழுது விமானத்தையே எழுப்பிவிடுவாள் என்று இரண்டு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன். அவள் பாதி வழி தூங்கினாள், மீதி வழி முன் இருக்கைக்காரரின் வழுக்கைத் தலையைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் பால் பாட்டிலைத் திறந்ததும் பால் என் முகத்தில் பீய்ச்சி அடிக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுதான் நடந்தது. அப்புறம் இன்னும் சில பயணங்கள் போய்விட்டோம். தெரிந்தவர்கள் வீட்டில் குழந்தை பிறந்து, பயணம் என்று பேச்செடுத்தால் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

எத்தனை நாள் குழந்தையை விமானத்தில் ஏற்றலாம்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் பிறந்து 7 நாள் ஆனாலே ஏற்றுவார்கள், சிலர் 14 நாள் கேட்பார்கள். அதற்கும் முன்பு என்றால் மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். ஆனால் நிறுவனம் ஏற்றிக்கொள்கிறது என்பது வேறு, குழந்தையின் உடம்பு தயாராக இருப்பது வேறு. முதல் இரண்டு மூன்று மாதத்தில் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே மருத்துவர்கள் அவசரமாகத்தான் பார்ப்பார்கள். தெரியாத ஊரில், இரவு நேரத்தில் அந்த நிலை வரவேண்டாம். தள்ளிப்போடக்கூடிய பயணம் என்றால் மூன்று மாதம் கழியட்டும் என்பது என் கட்சி. தள்ளிப்போட முடியாததும் உண்டு. அப்போது குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். பிறந்தபோது ஆக்சிஜன் தேவைப்பட்ட குழந்தை, நுரையீரல் அல்லது இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட்டே போடாதீர்கள். காரணம் இருக்கிறது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரைமட்ட அழுத்தம் அல்ல. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், தரையில் 21 சதவீதத்துக்குப் பதிலாக 15, 16 சதவீதம் இருக்கும் காற்றைச் சுவாசிப்பது போல. நல்ல ஆரோக்கியமான குழந்தை இதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறிய குழந்தைக்கு இது சுமை.

இதில் அம்மாவை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை காலில் ரத்தம் உறையும் ஆபத்து வழக்கத்தைவிட அதிகம். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பது அதை இன்னும் கூட்டும். அறுவை சிகிச்சைப் பிரசவம் என்றால் இன்னும் கவனம். குழந்தைக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தன்னைப் பற்றியும் அம்மா கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

வேண்டும். 2 வயது நிரம்பாத குழந்தை மடியில் வரலாம், ஆனால் அதன் பெயர் பயணப் பதிவில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் மடிக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் அளவில் வாங்குவார்கள், வரிகள் தனி. போகும்போது 2 வயதுக்குள், திரும்பும்போது தாண்டிவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளோடு ஒருவர் தனியாகப் போனால் ஒன்றுக்குக் கட்டாயம் இருக்கை வேண்டும்.

மடியில் வைத்துக்கொள்வதா, தனி இருக்கை எடுப்பதா?

காசை மட்டும் பார்த்தால் மடி. பாதுகாப்பைப் பார்த்தால் தனி இருக்கை, அதில் விமானத்துக்கு ஏற்றது என்ற முத்திரை உள்ள குழந்தை இருக்கை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோ கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானம், வால் பகுதி எஞ்சின் வெடித்துக் கட்டுப்பாடு இழந்து, சூ சிட்டியில் நொறுங்கி இறங்கியது. அதில் இருந்த 296 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மடிக்குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களைத் துணி சுற்றித் தரையில் படுக்கவைத்துப் பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அன்றைய நடைமுறை. தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் அதையே சொன்னார். மோதலின் வேகத்தில் எந்தக் கை பிடித்து வைக்கும்? நால்வரில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. உயிர் தப்பிய ஜான் பிரவுன், குழந்தைகளுக்கும் தனி இருக்கை கட்டாயமாக வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் போராடினார். அமெரிக்க விபத்து விசாரணை வாரியமும் அதையே பரிந்துரைத்தது. ஆனால் அந்நாட்டு விமான ஒழுங்குமுறை அமைப்பு 2005இல் அதைக் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. கூடுதல் செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் சாவு இதைவிட அதிகம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. விமானம் அவ்வளவு பாதுகாப்பானது.

அதனால் மடியில் வைத்துக்கொண்டு போகும் பெற்றோரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நாங்களும் முதல் முறை மடியில்தான் வைத்துப் போனோம். வசதி இருந்தால் எடுங்கள் என்பதுதான் நான் சொல்வது. விபத்தை விடுங்கள், திடீர் குலுக்கலுக்கே அது பிரயோஜனம். நீண்ட பயணத்தில் உங்கள் கைகளுக்கும் ஓய்வு. எடுப்பதானால் குழந்தை இருக்கையின் அகலத்தை அளந்து, விமான இருக்கைக்குள் அடங்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் சன்னலோரம்தான் வைக்கச் சொல்வார்கள், அவசரத்தில் மற்றவர்கள் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது என்பதற்காக.

மடிக்குழந்தைக்கு சீட் பெல்ட் உண்டா?

எங்கே பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய விதிப்படி, பெரியவரின் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும் சின்ன வளைய பெல்ட்டைக் குழந்தைக்குக் கட்டியாக வேண்டும். அமெரிக்க விமானங்களில் அதே பெல்ட்டுக்கு அனுமதி இல்லை. மோதலின்போது பெரியவரின் உடல் எடை குழந்தை மேல் சாய்ந்து நசுக்கும் என்பது அவர்கள் வாதம். ஒரே பெல்ட், இரண்டு எதிர் விதிகள். பணியாளர்கள் என்ன சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள். ஒன்று மட்டும் எங்கேயும் கூடாது: உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் பூட்டுவது.

பாசினெட் என்கிறார்களே, அது எப்படிக் கிடைக்கும்?

தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையில், சுவரில் மாட்டும் சின்னத் தொட்டில் அது. பெரிய விமானங்களில்தான் இருக்கும், அதுவும் எண்ணி ஐந்தாறு. டிக்கெட் போட்ட அன்றே தொலைபேசியில் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் கேளுங்கள். எழுதி வைத்தாலும் உறுதி கிடையாது. உங்களைவிடச் சின்னக் குழந்தை வந்தால் மாறிப்போகலாம்.

எடை வரம்பு பெரும்பாலும் 10, 11 கிலோ அளவில் இருக்கும். தானாக எழுந்து உட்காரும் குழந்தை என்றால் எடை குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில், சீட் பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூக்கிவிடச் சொல்வார்கள். அதாவது அப்போதுதான் தூங்கவைத்தீர்கள், விளக்கு எரியும், தூக்குவீர்கள், குழந்தை விழிக்கும், விளக்கு அணையும். இது ஓர் இரவில் நான்கு முறை எங்களுக்கு நடந்தது. அந்த வரிசையில் முன்னால் இருக்கை இல்லாததால் பையைக் காலடியில் வைக்கவும் முடியாது. குட்டிக் குழந்தைக்கு அது வரம். எட்டு மாதத்துக்கு மேல் என்றால் நான் அதற்காக மெனக்கெட மாட்டேன்.

என்னென்ன ஆவணங்கள்?

வெளிநாட்டுக்கு என்றால் பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தேவைப்படும் நாட்டுக்கு விசா. உள்நாட்டுக்கு வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் படம் எடுக்க, குழந்தையை வெள்ளை விரிப்பில் கிடத்தி மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்கும் ஒரு படத்துக்காக நாங்கள் நாற்பது படம் எடுத்தோம்.

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையோடு எல்லை தாண்டினால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைப் பல நாடுகள் கேட்கின்றன. குழந்தையின் குடும்பப் பெயர் உங்கள் பெயரோடு பொருந்தாவிட்டால் பிறப்புச் சான்றிதழும் கூடவே வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு இணையவழி செக்-இன் பல நிறுவனங்களில் நடக்காது. கவுண்டரில் வரிசை நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள்.

தடுப்பூசி?

வழக்கமான அட்டவணையைத் தவறவிடாதீர்கள். தட்டம்மை பரவிக்கொண்டிருக்கும் நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் 6 மாதத்திலேயே ஒரு கூடுதல் தவணை போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பொதுவாக 9 மாதத்துக்கு மேல்தான். ஊசி வேலை செய்யக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்பதால் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் போங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் பாலைக் கொட்டச் சொல்வார்களா?

கையில் கொண்டுபோகும் திரவம் 100 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்ற விதி 2006இன் பிற்பகுதியில் பல நாடுகளில் வந்தது. குழந்தையின் பால், கொதித்து ஆறிய நீர், கூழ் இவற்றுக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு. பயணத்துக்கு வேண்டிய அளவு எடுத்துப் போகலாம். அவற்றை எல்லாம் ஒரே பையில் தனியாக வைத்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே 'குழந்தை பால் இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். தனியாகச் சோதிப்பார்கள், ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான்.

ஸ்கேனர், கதிர்வீச்சு இதெல்லாம் குழந்தைக்குக் கெடுதலா?

எக்ஸ்ரே பெட்டிக்குள் போவது பையும் தள்ளுவண்டியும்தான். குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு நீங்கள் நடந்துபோகும் கதவு உலோகத்தைக் கண்டுபிடிக்கும் காந்தப்புலக் கருவி. அதில் எக்ஸ்ரே இல்லை.

வானத்தில் விண்வெளிக் கதிர்கள் தரையைவிட அதிகம் என்பது உண்மை. பத்து மணி நேரப் பறப்பில் சுமார் 0.05 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) சேரும். மண், காற்று என்று இயற்கையிலிருந்தே சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் சேர்கிறது. ஆக, அந்தப் பயணம் வீட்டில் ஒரு வாரம் இருந்ததற்குச் சமம்.

தள்ளுவண்டியை என்ன செய்வது?

விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போகப் பல நிறுவனங்கள் விடும். அங்கே மடித்துக் கொடுத்தால் அடியில் ஏற்றுவார்கள். இறங்கும்போது வாசலில் கிடைக்குமா, பெட்டிகளோடு வருமா என்று கொடுக்கும்போதே கேளுங்கள். எங்களுக்கு ஒருமுறை பெட்டிகளோடுதான் வந்தது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். அதிலிருந்து நெஞ்சோடு கட்டும் கேரியர் இல்லாமல் கிளம்புவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தையைக் கேரியரில் வைத்திருக்கக் கூடாது என்பார்கள், அப்போது மட்டும் கழற்றுங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் காது வலிக்குமே?

இதுதான் எல்லாரும் கேட்பது. இதைப் புரிந்துகொண்டால் பாதி பயணம் முடிந்த மாதிரி.

காதுச் சவ்வுக்கு உட்பக்கம் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. அதையும் தொண்டையின் பின்பக்கத்தையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தக் குழாய் திறந்து, இரு பக்கக் காற்றழுத்தமும் சமமாகும். விமானம் ஏறும்போது வெளியழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று தானே குழாயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், பெரிய சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் வம்பு. வெளியழுத்தம் கூடிக்கொண்டே வர, குழாய் அமுங்கி மூடிக்கொள்கிறது. விழுங்கித்தான் அதைத் திறக்க வேண்டும். குழந்தையின் குழாய் பெரியவர்களுடையதைவிடக் குட்டையானது, ஒடுங்கியது, படுக்கைவாட்டில் இருப்பது. நமக்கு 'டப்' என்று ஒரு சத்தத்தோடு முடிவது அதற்கு வலியாகிறது.

மருந்து சுலபம்: விழுங்க வை. தாய்ப்பால், பாட்டில், சூப்பான், எது பழக்கமோ அது. பெரும்பாலானோர் தவறுவது நேரத்தில்தான். கதவு மூடியதுமே பால் கொடுத்துவிடுவார்கள். விமானம் ஓடுபாதைக்குப் போய் இருபது நிமிடம் வரிசையில் நிற்கும். அது மேலே எழும்பும்போது வயிறு நிறைந்த குழந்தை பாட்டிலைத் தட்டிவிடும். எஞ்சின் சத்தம் கூடி, முதுகு இருக்கையில் அழுந்தும்போது ஆரம்பியுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

இறங்கும்போது இதற்கு நேர் எதிரான தவறு. சக்கரம் தரையைத் தொடப்போகும்போது பாட்டிலை எடுப்பார்கள். விமானம் கீழிறங்கத் தொடங்குவதோ தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பு. எஞ்சின் சத்தம் சட்டென்று குறைந்து, மூக்கு லேசாகத் தாழும். உங்கள் காதே சொல்லிவிடும். அப்போதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொடுங்கள். ஒரேயடியாகக் குடித்து முடித்துவிட்டால் கடைசி பத்து நிமிடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்காகவே ஒரு வேளைப் பாலைக் கொஞ்சம் பசியோடு தள்ளிப்போட்டு வைப்பேன்.

தூங்கினால் எழுப்பலாமா என்பார்கள். ஏறும்போது தூங்கினால் விட்டுவிடுங்கள். இறங்கும்போது மூக்கடைப்பு இருக்கிற குழந்தையை எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. மூக்கு சுத்தமாக இருந்து நிம்மதியாகத் தூங்குகிற குழந்தையை நான் எழுப்புவதில்லை. அப்படியும் வீறிட்டு அழுதால் பதறாதீர்கள். அழும்போது விழுங்கவும் செய்யும், வாயும் அகலத் திறக்கும். காது திறக்க அழுகையும் ஒரு வழி.

சளி பிடித்திருந்தால் போகலாமா?

லேசான ஒழுக்கு என்றால் உப்புநீர் சொட்டு மருந்து விட்டுச் சமாளிக்கலாம். காதைப் பிடித்து இழுக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்றால் மருத்துவர் காதைப் பார்த்துச் சொல்லட்டும். தேதி மாற்றக் காசு போகும், பரவாயில்லை.

பால் பாட்டில் ஏன் பீய்ச்சி அடிக்கிறது?

என் முகத்தில் அடித்த கதைக்கு வந்துவிட்டோம். தரையில் இறுக மூடிய பாட்டிலுக்குள் தரைமட்ட அழுத்தத்தில் காற்று சிறைபட்டிருக்கிறது. மேலே போனதும் வெளியழுத்தம் முக்கால் பங்காகக் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கிறது. மூடியைத் திறந்த நொடியில் காம்பு வழியாகப் பாலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. உறிஞ்சுகுழல் வைத்த கோப்பை இன்னும் மோசம், நீரூற்றுதான். மேலே போனதும் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, காம்பைத் தொடாமல் திருகு வளையத்தை மெல்லத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று போனபின் இறுக்கிக் கொடுங்கள்.

இதே விரிதல் குழந்தையின் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. அதனால் ஏப்பம் வரவைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் இறுக்கும் உடை வேண்டாம்.

பவுடர் பாலை விமானத்தில் எப்படிக் கலப்பது?

பவுடரை வேளைக்கு ஒன்றாக அளந்து சின்ன டப்பாக்களில் போட்டுக்கொள்ளுங்கள். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்த நீரை நல்ல பிளாஸ்கில் கொண்டுபோவது எங்கள் வழி. விமானத்தில் வெந்நீர் கேட்டால் தருவார்கள். ஆனால் அந்த உயரத்தில் நீர் 92, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், கைக்கு வருவதற்குள் இன்னும் ஆறும். கழிவறைக் குழாய் நீரைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கலந்ததை ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், குடித்து மிச்சம் வைத்ததை வைத்திருக்க வேண்டாம். கலந்தே விற்கும் திரவப் பால் ஒத்துக்கொள்ளும் குழந்தை என்றால் அதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபம்.

பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் ஐஸ் பைகளோடு குளிர்காப்புப் பெட்டியில் 24 மணி நேரம் தாங்கும். சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்.

இருக்கையில் தாய்ப்பால் கொடுக்கலாமா?

தாராளமாக. சன்னலோர இருக்கை என்றால் கொஞ்சம் மறைவும் கிடைக்கும். கழிவறையில் போய்க் கொடுக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கைப்பையில் என்ன வைப்பது?

டயபர்: பயண நேரத்தில் இரண்டு மணிக்கு ஒன்று, தாமதத்துக்கென்று அதே அளவு இன்னொரு பங்கு. குழந்தைக்கு இரண்டு மாற்று உடை. உங்களுக்கு ஒரு மாற்றுச் சட்டை, இதை யாரும் எடுத்து வைப்பதில்லை. குழந்தை கக்கிய சட்டையோடு ஆறு மணி நேரம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். நனைந்ததைப் போட்டு மூட நாலு பிளாஸ்டிக் பை. குழந்தைக்கு வழக்கமான காய்ச்சல் மருந்து, அளவுக் குழலோடு. மெல்லிய போர்வை. பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் பால் சூடாக்கி போன்றவை கைப்பையில்தான் வரவேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

இவ்வளவையும் ஒரே பையில் அடைத்து மேலே வைத்துவிடாதீர்கள். ஒரு டயபர், ஈரத் துடைப்பான், விரிப்பு, ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் கொண்ட குட்டிப் பை காலடியில் இருக்கட்டும். கழிவறைக்கு அதை மட்டும் எடுத்துப் போகலாம்.

டயபர் எங்கே மாற்றுவது?

கழிவறையில் கோப்பைக்கு மேலே மடக்கு பலகை இருக்கும். எல்லாக் கழிவறையிலும் இருக்காது, எதில் என்று ஏறியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் மாற்றாதீர்கள், தயவுசெய்து.

எந்த நேர விமானம், எந்த இருக்கை?

குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரம் நல்லது என்பார்கள். நீண்ட பயணத்துக்குச் சரி. இரண்டு மணி நேரப் பயணத்துக்குக் காலை விமானம் எடுங்கள். தாமதங்கள் நாள் ஏற ஏறத்தான் சேரும். இடையில் விமானம் மாறுவதானால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இரண்டு பெரியவர்கள் என்றால் சன்னலும் நடைபாதையும் உங்களுடையதாக இருக்கட்டும். குழந்தை சன்னல் பக்கம். நடைபாதைப் பக்கம் சாப்பாட்டு வண்டியின் முனை, சூடான காபி, மேலிருந்து நழுவும் பை என்று எல்லாம் வரும். சூடான பானத்தைக் குழந்தை மடியில் இருக்கும்போது வாங்கவே வேண்டாம்.

அழுதுகொண்டே இருந்தால்?

பசியா, நனைந்திருக்கிறதா, காதா, வெக்கையா, தூக்கமா? இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஐந்தும் இல்லையென்றால் சலிப்பு. விமானத்தின் பின்கோடிக்கு நடந்து போங்கள். அங்கே எஞ்சின் இரைச்சல் அதிகம். பறக்கும்போது உள்ளே 80, 85 டெசிபல் ஓடுகிறது, அழுகை பாதிக்கு மேல் அதில் கரைந்துவிடும். உங்கள் காதுக்குத் தெரியும் அழுகை நான்கு வரிசை தாண்டி அவ்வளவு கேட்பதில்லை.

பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு மன்னிப்புச் சீட்டும் மிட்டாயும் கொடுக்கும் பழக்கத்தைப் பார்க்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. குழந்தை தப்பு செய்யவில்லை. ஒரு சிரிப்பு, 'முதல் பயணம்' என்று ஒரு வார்த்தை போதும். நாங்கள் பார்த்தவரை முகம் சுளித்தவர் ஒருவர், பையைத் தூக்கி உதவியவர்கள் ஏழெட்டுப் பேர்.

தூங்க வைக்க மருந்து கொடுக்கலாமா?

கூடாது. சளி, ஒவ்வாமை மருந்துகளில் தூக்கம் வரும் என்று கொடுப்பவர்கள் உண்டு. சில குழந்தைகளுக்கு அதே மருந்து தூக்கத்துக்குப் பதில் துள்ளலைக் கொடுக்கும். அது சின்ன ஆபத்து. பெரியது மூச்சு. இந்த வகையில் ஒன்றான புரோமெத்தசின், 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் மூச்சை நிறுத்தி உயிரைப் பறிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

விமானக் காற்றில் நோய் தொற்றுமா?

காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது. பெரும்பாலான பெரிய விமானங்களில் சுற்றி வரும் காற்று, நுண்துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி வழியாக வருகிறது. பயப்பட வேண்டியது பக்கத்தில் இருமுகிறவரும், அழுக்கான கைப்பிடியும்தான். குழந்தை வாய் வைக்கும் இடங்களை ஏறியதும் துடைத்துவிடுங்கள். காற்று மிகவும் வறண்டது. ஈரப்பதம் 10, 20 சதவீதம்தான். தாய்ப்பாலோ பாலோ வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், அம்மாவும் தண்ணீர் குடிக்கட்டும்.

ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் யாருக்கு?

உங்களுக்கு. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் 35,000 அடியில் அழுத்தம் போய்விட்டால் தெளிவாக யோசித்துக் கைகால் அசைக்க உங்களுக்கு இருப்பது 30 முதல் 60 விநாடி. குழந்தைக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மயங்கினால் இருவருக்கும் ஆள் இல்லை. உங்களுக்கு மாட்ட ஐந்து விநாடி போதும். ஒரு வரிசைத் தொகுதிக்கு வழக்கமாக ஒரு முகமூடிதான் கூடுதலாக இருக்கும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து இரண்டு மடிக்குழந்தைகளை உட்கார விடாததற்குக் காரணம் அதுதான்.

நேர வித்தியாசத்தால் தூக்கம் கெடுமா?

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இரவு பகல் கணக்கே இன்னும் பிடிபட்டிருக்காது, அதற்கு எல்லா ஊரும் ஒன்றுதான். பெரிய குழந்தைக்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். பகலில் வெளிச்சத்தில் வைத்திருங்கள். இரவு விழித்தால் விளக்கைப் போடாமல், விளையாட்டுக் காட்டாமல், பால் மட்டும் கொடுங்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் எந்த நிகழ்ச்சியும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தையோடு போகிறவர்களை முதலில் ஏற்றுவார்களாமே?

ஒருவர் முதலில் ஏறிப் பைகளை வைக்கட்டும். மற்றவர் குழந்தையைத் தரையில் விட்டு விளையாடவிட்டு, கடைசி அழைப்பில் ஏறட்டும். ஓடாத விமானத்தில் அரை மணி நேரம் குழந்தையை மடியில் அடக்கி வைப்பதைவிடக் கொடுமை இல்லை. இறங்கும்போதும் அப்படித்தான், அடுத்த விமானத்தைப் பிடிக்கும் அவசரம் இல்லாவிட்டால் எல்லாரும் போகட்டும். காலி விமானத்தில் இருக்கைக்கு அடியில் பார்த்தால் சூப்பானோ ஒற்றைக் காலுறையோ கிடைக்கும்.